பொங்கல் கிண்ணமும் ஈபிஎஃப் காசும்: கொழும்பு விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தைப்பொங்கல் காலை. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் எங்கள் சபைக் குடும்பம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். மேல்மாடி அன்ரி எவர்சில்வர் கிண்ணம் நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது அந்த வீட்டின் ஏழு வயதுப் பிள்ளை. "இது படைச்சது அன்ரி, நாங்கள் சாப்பிட மாட்டோம்" என்று சொல்லிவிட்டது. உள்ளே தாய்க்குப் பெருமை; பிள்ளை நல்ல சாட்சி சொல்லிவிட்டதாம். அன்ரி ஒன்றும் பேசாமல் கிண்ணத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு படியேறிப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கதவை அவர் தட்டவே இல்லை.

தெய்வங்களுக்குப் படைத்த உணவைப் பற்றிப் பவுல் கொரிந்து சபைக்கு விரிவாகவே எழுதியிருக்கிறார். அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்தால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு. இது படைக்கப்பட்டது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால், அவனுடைய மனச்சாட்சியின் நிமித்தம் சாப்பிடாதே. முதலாம் நிருபம் 10ஆம் அதிகாரத்தின் சாரம் இது. ஆகவே சாப்பிடாமல் இருக்க ஒருவருக்கு உரிமை உண்டு, அதில் எனக்கு விவாதம் இல்லை. ஆனால் அந்தப் பகுதி முழுக்கப் பவுலின் கண் இருப்பது உணவின் மேல் அல்ல, எதிரே நிற்கும் மனிதர் மேல். கொண்டுவந்தவரை வாசலிலேயே கூச வைக்க அதில் எந்த இடமும் இல்லை. இரண்டு கையாலும் வாங்குங்கள். உள்ளே கூப்பிட்டு ஒரு பிளேன்டீ கொடுங்கள். சாப்பிடுவதும் சாப்பிடாததும் உங்கள் மனச்சாட்சி. கிண்ணத்தை மட்டும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடு என்று நம் அம்மாமார் பழக்கியது மறந்து போகக் கூடாது. நத்தாருக்கு நாம் அனுப்பும் கேக்கை அதே அன்ரி எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கிச் சாப்பிடுகிறார். வெசாக் காலத்தில் தன்சல் என்னும் இலவச உணவுப் பந்தலில் நின்று மரவள்ளிக்கிழங்கை நீட்டும் சிங்களப் பையனுக்கும் இதே மரியாதை சேரும்.

பல வருடமாகப் பார்த்ததில் எனக்குப் படுவது இது. அயலவர் மனம் நோகும் இடத்தில் நாம் மிகவும் கண்டிப்பாக இருக்கிறோம். நம் பையிலிருந்து காசு போக வேண்டிய இடத்தில் நமக்கு நாமே சலுகை கொடுத்துக்கொள்கிறோம்.

புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் காசுப் பெட்டிக்கு மேலே வசனம் தொங்கும். காலையில் ஷட்டர் திறந்ததும் முதலாளி ஜெபம் பண்ணுவார். மலையகத்திலிருந்து வந்து வேலை செய்யும் பையன்கள் தலை குனிந்து நிற்பார்கள். அவர்களில் ஒருவரை நான் சபைக்குக் கூப்பிட்டேன். "ஐயா முதல்ல ஈபிஎஃப் கட்டட்டும் சார், அப்புறம் வர்றேன்" என்றார். சட்டப்படி முதலாளி சம்பளத்தில் 12 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈபிஎஃபுக்கு, கட்ட வேண்டும், தொழிலாளியின் பங்கு 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3 வீதம் கட்ட வேண்டும். அந்தக் கடையில் நான்கு வருடமாக ஒன்றும் கட்டவில்லை. தசமபாகம் மட்டும் மாதாமாதம் தவறாமல் சபைக்கு வந்தது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தப் பையனுக்குச் சுவிசேஷம் சொல்ல வேண்டுமானால் அது ஈபிஎஃப் அலுவலகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சபைத் தலைவர்களும் காணிக்கை உறையை வாங்கும்போது இதைக் கேட்க வேண்டும். இதுவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கலியாணப் பேச்சிலும் இதே கதைதான். "நல்ல விசுவாசக் குடும்பமாக இருந்தால் போதும்" என்று தொடங்கும் பேச்சு, மூன்றாவது தொலைபேசி அழைப்பில் ஊர் எது, ஆட்கள் யார் என்று சாதிக்கு வந்துவிடும். ஞானஸ்நானத்தில் இறங்கிய தண்ணீருக்கு அர்த்தம் உண்டென்றால் அந்தக் கேள்வியை நிறுத்துங்கள்.

அடுத்தது சத்தம். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி ஒழுங்கைகளில் வீடும் வீடும் ஒரே சுவரில் ஒட்டியிருக்கின்றன. அங்கே ஒரு மாடி அறையில் டிரம்ஸும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் வைத்து முழு இரவு ஜெபம் நடத்தினால், அடுத்த வீட்டில் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு நாம் யாராகத் தெரிவோம்? இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். யாராவது முறையிட்டால் உடனே "உபத்திரவம்" என்கிறோம். இந்த நாட்டில் சபைகள் மேல் கல் எறியப்பட்டதும், போதகர்கள் மிரட்டப்பட்டதும் உண்மை. அந்த வேதனையை அனுபவித்தவர்கள் இருக்கும்போது, தூக்கம் கெட்ட அயலவரின் கோபத்துக்கும் அதே பெயர் வைப்பது சரியல்ல.

நிவாரணத்திலும் கவனம் வேண்டும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் போனபோது, உலர் உணவுப் பையில் பருப்புக்கு மேலே துண்டுப்பிரசுரம் வைத்துக் கட்டியிருந்ததைப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் மனிதருக்கு அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தரும் மதச் சுதந்திரம் நமக்கு எவ்வளவு பெரிது! அது அவருக்கும் உண்டு. பருப்பைப் பருப்பாகக் கொடுங்கள். ஏன் வந்தீர்கள் என்று அவர் கேட்டால் அப்போது சொல்லுங்கள்.

சாட்சி நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 நெருக்கடியில் கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லையில் வரிசை நீண்டபோது, சபைகளில் "இந்த மாதம் உனக்கு விசா" என்ற தீர்க்கதரிசனமும் பெருகியது. கிடைத்தவர் முன்னால் வந்து மைக் பிடித்தார், எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். கிடைக்காதவர் பின் வரிசையில் இருந்தார். மூன்று தடவை நிராகரிக்கப்பட்ட ஒரு தம்பி என்னிடம் கேட்டது: "அண்ணா, எனக்குள்ளே ஏதாவது பாவம் இருக்கா?" அந்தக் கேள்வியை அவர் மனதில் போட்டது தேவன் அல்ல, நாங்கள்தான். விசா கிடைக்காமல் இங்கேயே மின்கட்டணம் கட்டிப் பிள்ளை வளர்ப்பவரும் மைக் பிடிக்கட்டும். சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய் வந்து பிரஷர், நீரிழிவு மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஜெபம் பண்ணுங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

கடைசியாக, எனக்குச் சொல்லக் கஷ்டமான ஒன்று. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் காலையில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் ஆராதனைக்குப் போனவர்கள் குண்டுக்குப் பலியானார்கள். ஹோட்டல்களில் இறந்தவர்களோடு சேர்த்து 250 பேருக்கு மேல். அந்தத் துக்கத்துக்குள் எங்கள் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் "முஸ்லிம் கடையில் வாங்காதீர்கள்" என்ற செய்தி வந்தது. ஆமென் போட்டுச் சிலர் அதை வேறு குழுக்களுக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதமே மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிந்தன.

பிறகு கொவிட் வந்தது. இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசு ஆணை போட்டது. அடக்கம் செய்ய அனுமதி கேட்டு முஸ்லிம் குடும்பங்கள் கெஞ்சின. பிறந்து 20 நாளான ஒரு குழந்தையும் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரிக்கப்பட்டது. அந்த டிசம்பரில் பொரளை கனத்தை மயானத்தின் கம்பி வேலியில் ஆட்கள் அதை எதிர்த்து வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அவர்களில் சிங்களவரும் தமிழரும் இருந்தார்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அந்த ஆணை மாறியது. அதுவரை எங்கள் ஜெபக்குழுவில் விசாவுக்கும் வேலைக்கும் முழங்கால் வலிக்கும் ஜெபக் குறிப்புகள் வந்துகொண்டே இருந்தன. அந்தக் குழந்தையின் பெற்றோருக்காக ஒரு குறிப்புகூட வரவில்லை. நானும் போடவில்லை.