ஏர் பிஸ்டலில் சிதறிய குண்டுகள்: என் அனுபவம்

மதுரையில் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தால் ஈயக் குண்டைச் செலுத்தும் கைத்துப்பாக்கி) பயிற்சி செய்துவரும் எனக்கு, இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே என்றிருக்க, குண்டுகள் அதைச் சுற்றி அகலமாகச் சிதறியது பெரும் கவலையளித்தது. பிஸ்டலைப் பிடிப்பானில் இறுக்கிச் சுட்டபோதும் சிதறல் தொடர்ந்ததால், கையின் நடுக்கம் காரணமன்று என்பது உறுதியாயிற்று.

முதலில் குழலைத் துடைத்து, படிந்திருந்த ஈயத்தை நீக்கினேன். சற்றே பலன் கிடைத்தது. பிறகு 4.5 மி.மீ. தட்டைத்தலைக் குண்டுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, பலவற்றின் பின்விளிம்பு நசுங்கியிருந்தது. காற்று கசியாமல் குழலை அடைப்பது அந்த மெல்லிய விளிம்புதான். அது ஒருபுறம் வளைந்திருந்தால், குழல்வாயைவிட்டு வெளியேறும் கணத்தில் காற்றழுத்தம் குண்டைச் சமமாகத் தள்ளுவதில்லை. திருமங்கலத்திலிருந்து இருசக்கர வண்டியில் குலுங்கி வந்த டப்பாவில் குண்டுகள் ஒன்றோடொன்று மோதியதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

இப்போது டப்பாவின் மூடிக்கடியில் பஞ்சு மெத்தைத் துண்டு வைத்து அசைவைத் தடுக்கிறேன். நசுங்கியவற்றைத் தனியே ஒதுக்குகிறேன். குண்டுத்தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. உள்ளவற்றைத் தனித்தனியாகச் சுட்டுப் பார்த்ததில், என் குழலுக்கு 4.50 பொருந்தியது, பிறருடைய குழலுக்கு வேறொன்று பொருந்தலாம். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவருந்தக் கூடாது.