படலையிலிருந்து படலைக்கு: திருகோணமலையிலிருந்து முத்திரையிட்ட கொள்கலனில் சரக்கு அனுப்புவது எப்படி

வாசலுக்கு வாசல் என்று விலை பேசி முற்பணமும் கொடுத்துவிட்டால், அதன்பிறகு எல்லாம் முகவரின் பொறுப்பு என்று எங்கள் ஊரில் சரக்கு அனுப்பும் பலர் நினைக்கிறார்கள். மிளகாய்த் தூள், அரிசி மா, ஒடியல், பனையோலைப் பொருட்கள் ஆகியவற்றைக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள கடைகளுக்கு அனுப்பும் சிறு உற்பத்தியாளர்களின் பத்திரங்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். பெரும்பாலான இழப்புகள் அந்த நினைப்பிலிருந்தே தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். கொள்கலன் உங்கள் படலைக்கு முன்னால் நிற்கும் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் நீங்கள் பார்ப்பதும், படம் பிடிப்பதும், எழுதி வைப்பதும்தான் மறுகரை வாசல் வரை சரக்கைக் காக்கின்றன.

முழுக் கொள்கலன் எடுப்பதா, பிறருடைய சரக்கோடு பங்கு போடுவதா என்பதை முதலில் தீர்மானியுங்கள். 20 அடிக் கொள்கலனின் உட்புறம் ஏறக்குறைய 5.9 மீற்றர் நீளமும் 2.35 மீற்றர் அகலமும் 2.39 மீற்றர் உயரமும் கொண்டது. கணக்குப்படி 33 கன மீற்றர் வந்தாலும், பெட்டிகளுக்கு இடையில் வீணாகும் இடத்தைக் கழித்தால் 26, 27 கன மீற்றருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பங்குக் கொள்கலனில் உங்கள் பெட்டிகள் லொறியில் கொழும்புக் களஞ்சியம் ஒன்றுக்குப் போய், அங்கே பிறருடைய பெட்டிகளோடு ஏற்றப்படும். முத்திரை இடப்படுவது உங்கள் கண்முன் அல்ல. ஆகவே சரக்கு 14, 15 கன மீற்றரைத் தொட்டால் இரண்டு வகைக்கும் விலை கேளுங்கள். வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் முழுக் கொள்கலனையே எடுங்கள் என்பது என் கருத்து.

ஒப்பந்தத்தில் ‘வாசலுக்கு வாசல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது போதாது. சர்வதேச வணிக விதிகளில் டி.ஏ.பி. என்றால் போக்குவரத்து முழுவதும் அனுப்புபவருடையது, இறக்குமதி வரியும் சுங்க விடுவிப்பும் பெறுபவருடையவை, டி.டி.பி. என்றால் அந்த வரியும் அனுப்புபவரின் தலையில் விழும். இவை இரண்டிலும், வந்து நிற்கும் கொள்கலனிலிருந்து சரக்கை இறக்குவது பெறுபவரின் வேலை. ரொறன்ரோவில் கடை வைத்திருக்கும் உங்கள் மைத்துனருக்கு உணவு இறக்குமதி உரிமம் இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். கப்பல் புறப்பட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

எங்களுடையது உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்றாலும், மாவு ஆலையும் சீமெந்து ஆலையும் சார்ந்த மொத்தச் சரக்குக் கப்பல்கள்தான் இங்கே அதிகம். கொள்கலன் கப்பல்களுக்குக் கொழும்புக்கே போகவேண்டும். வெற்றுக் கொள்கலன் கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர் வந்து, நிரம்பியபின் அதே வழியில் திரும்பும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானைகள் வீதியைக் கடப்பதால், காலையில் ஏற்றிப் பகலிலேயே அந்தக் காட்டைத் தாண்டும்படி நேரம் குறியுங்கள். உங்கள் ஒழுங்கைக்குள் வாகனம் திரும்புமா, மேலே தொங்கும் மின்கம்பிகள் தடுக்குமா என்பதை முதல்நாளே சாரதிக்குப் படமெடுத்து அனுப்புங்கள். இடம் போதாவிட்டால் அகன்ற முற்றமுள்ள ஒரு களஞ்சியத்தை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுப்பது நல்லது. பெட்டிகளை முதல்நாள் இரவு வெளியே அடுக்கி வைக்காதீர்கள். பனி நனைப்பது மட்டுமல்ல, நகருக்குள் திரியும் மான்களும் மட்டைப்பெட்டியைக் கிழிக்கும்.

கொள்கலன் வந்ததும் ஏற்றத் தொடங்காதீர்கள். உள்ளே ஒருவர் நிற்க, கதவுகளை வெளியிலிருந்து சாத்துங்கள். கண் இருளுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும். அதன்பின் கூரையிலோ மூலையிலோ குண்டூசித் தலையளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தக் கொள்கலனைத் திருப்பி அனுப்புங்கள். சில ஆண்டுகளுக்கு முன் மாரி தொடங்கிய வேளையில், வாகனம் மாலை தாமதித்து வந்ததால் இந்தச் சோதனையைச் செய்யாமலே ஏற்றவிட்டேன். சாரதி அவசரப்படுத்தினார், நானும் இணங்கினேன். மறுகரையில் திறந்தபோது இடப்பக்க மூலையிலிருந்த பதினொரு மா மூட்டைகள் பூஞ்சணம் பிடித்துக் கட்டியாகியிருந்தன. அந்தச் சிறு ஆலையை நடத்திய அம்மாவுக்கு அது மூன்று மாத உழைப்பு. அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து பொழுது சாய்ந்தபின் கொள்கலனைப் பொறுப்பேற்பதில்லை. தரைப்பலகையில் எண்ணெய்க் கறையோ மருந்து நெடியோ இருந்தாலும் உணவுப் பொருளுக்கு அது ஆகாது. கதவின் வெளிப்புறத்தில் ஆணியடித்திருக்கும் பாதுகாப்புத் தகட்டையும் படம் பிடியுங்கள்.

ஏற்றும்போது பாரம் கீழே, இலேசானது மேலே. நீளத்தின் ஒரு பாதிக்குள் மொத்த எடையின் 60 சதவீதத்துக்கு மேல் சேரக்கூடாது. கதவோரத்து அடுக்கைப் பட்டியால் கட்டுங்கள், இல்லையேல் திறப்பவரின் மேல் சரியும். பலகைத் தட்டுகள் மரத்தாலானவை என்றால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான எச்.ரி. (HT) முத்திரை அவற்றில் இருக்க வேண்டும். ஈரமும் ஒரு பகை: எங்கள் வெப்பத்தில் அடைத்த காற்று குளிர்ந்த கடலில் போகும்போது கூரையில் துளித்துளியாக வியர்த்துப் பெட்டிகளின் மேல் சொட்டும். அதனால் ஈரம் உறிஞ்சும் பைகளைச் சுவரில் தொங்கவிட்டு, மேலடுக்கைத் தடித்த தாளால் மூடுங்கள்.

அடுத்து முத்திரை. ஐ.எஸ்.ஓ. 17712 தரத்தில் எச் என்ற எழுத்துப் பொறித்த போல்ட் சீலைத்தான் வாங்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக் முத்திரை, திறக்கப்பட்டதைக் காட்டுமே தவிரத் திறப்பதைத் தடுக்காது. கடைசியாகச் சாத்தப்படும் வலக்கதவின் கைப்பிடியில் அதைச் செருகி, சத்தம் கேட்கும்வரை அழுத்தி, இரண்டு கைகளாலும் இழுத்தும் முறுக்கியும் பாருங்கள். பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கைப்பிடியைக் கதவோடு பிணைக்கும் தறையாணியைக் கழற்றிவிட்டு, முத்திரையைத் தொடாமலே கதவைத் திறக்கத் திருடர்களுக்குத் தெரியும். ஆகவே அந்த ஆணிகள் பழையவையா, ஒன்று மட்டும் புதிதாகவோ புது வர்ணத்துடனோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு சீலின் இலக்கமும் கொள்கலன் இலக்கமும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். கொள்கலன் இலக்கம் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கட்டத்துக்குள் இருக்கும் கடைசி இலக்கம் மற்ற பத்திலிருந்தும் கணிக்கப்படுவதால், எழுதும்போது நேரும் பிழையை அது காட்டிக்கொடுக்கும்.

கொழும்பில் சுங்கம் சோதனைக்காகத் திறந்தால் உங்கள் சீல் வெட்டப்பட்டுப் புதியது இடப்படும். அது அவர்களின் கடமை. புதிய இலக்கத்தை அன்றே கேட்டு வாங்கி, சரக்கை ஏற்றதற்குக் கப்பல் நிறுவனம் தரும் கப்பல் பத்திரத்தில் திருத்தச் செய்வது உங்கள் கடமை. எடைப் பிரகடனமும் அவசியம்: 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை இல்லாத கொள்கலனைக் கப்பலில் ஏற்ற முடியாது. நிரம்பிய கொள்கலனை எடைப்பாலத்தில் நிறுக்கலாம். அல்லது ஒவ்வொரு பொதியையும் கட்டுப்பொருளையும் நிறுத்து, கதவில் எழுதியிருக்கும் வெற்று எடையோடு கூட்டலாம். கப்பல் பத்திரத்தில் ‘ஒரு கொள்கலன்’ என்று எழுதவிடாதீர்கள். ‘640 பெட்டிகள்’ என்று எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். சரக்கு இழந்தால் கப்பல் நிறுவனம் தரும் இழப்பீட்டின் உச்சவரம்பு பொதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தும் கணிக்கப்படுகிறது.

அந்த வரம்பு சிறியது என்பதால் காப்புறுதியைத் தனியாக எடுங்கள். சரக்கின் விலை, காப்புறுதி, கப்பற்கூலி மூன்றையும் கூட்டி அதில் 110 சதவீதத்துக்கு, மிக விரிந்த பாதுகாப்புத் தரும் ஏ வகை விதிகளின் கீழ், களஞ்சியத்திலிருந்து களஞ்சியம் வரை எடுப்பது வழக்கம். பொதியின் குறைபாட்டாலோ தாமதத்தாலோ வரும் இழப்பை ஏ வகையும் ஏற்காது.

மறுகரையில் பெறுபவருக்கு நீங்கள் எடுத்த படங்களை முன்கூட்டியே அனுப்புங்கள். சாரதி நிற்கும்போதே சீல் இலக்கத்தை ஒப்பிட்டு, வெட்டுவதற்கு முன் படமெடுக்கச் சொல்லுங்கள். இலக்கம் மாறியிருந்தாலோ பெட்டி நசுங்கியிருந்தாலோ, கையெழுத்துக்கு மேலே அதை எழுதிய பிறகே ஒப்பமிட வேண்டும். வெளியே தெரியாத சேதத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வெற்றுக் கொள்கலனைக் கூட்டித் துடைத்து, பழைய வில்லைகளை உரித்து, கப்பல் நிறுவனம் தரும் இலவசக் காலம் முடியுமுன் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், அது காப்புறுதியில் வராது.