டைரியில் புகார் எழுதாதீர்கள்: பெற்றோர் பயிற்சியில் நடக்கும் தவறுகள்

ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமல், அடங்கி உட்கார முடியாமல், அவசரப்படும் குறைபாடு) உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குப் பள்ளியில் பயிற்சி வகுப்பு எடுக்கப் புதிதாக வருகிறவர்கள் ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். நாங்களும் விழுந்து எழுந்த குழிகள்தான் அவை. திட்டக்கூடாது, ஒப்பிடக்கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், விட்டுவிடலாம். 4, 5 வயதில் ஏ.டி.எச்.டி. என்றால் மருந்துக்கு முன்னால் பெற்றோர் பயிற்சி என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் 2019 வழிகாட்டுதல். மருந்தின் இடத்தில் வைத்த வகுப்பு இது, ஏனோதானோவென்று நடத்த முடியாது.

டைரியைப் புகார்ப் புத்தகமாக்குவது

மணி அடித்ததும் வாசலில் டைரியை நீட்டுகிறோம். "இன்றும் உட்காரவே இல்லை. பக்கத்துப் பையனைத் தள்ளிவிட்டான்." அம்மா அதைப் படிக்கிறார், பையன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். வீட்டுக்குப் போனதும் இரண்டாவது தண்டனை. காலை 10 மணிக்குச் செய்ததற்கு மாலை 5 மணிக்குத் திட்டு வாங்கினால் எதற்கென்றே அவனுக்கு விளங்காது. நாலு வாரத்தில் அந்த அம்மா வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடுவார். உடனே ஃபைலில் ஒரு வரி: "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை." விரட்டியதே நாம்தான்! எத்தனை முறை பார்த்தாலும் இந்த வரி எரிச்சலூட்டுகிறது.

டைரிக்குப் பதில் தினசரி அட்டை. அதில் 2 அல்லது 3 இலக்குகள் போதும்; எட்டினால் ஸ்டார். "ஒழுங்காக இருந்தான்" என்பது இலக்கே இல்லை. எண்ணிப் பார்க்க முடிய வேண்டும்.

முதல் 5 நாள் எதையும் மாற்றாமல் எண்ணுங்கள். 20 நிமிடக் கதை நேரத்தில் எத்தனை முறை எழுந்தான்? 8, 6, 9, 7, 7 என்று வருகிறது என்று வையுங்கள். புதியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்: "எழுந்திருக்கவே கூடாது" என்று எழுதிவிடுவார்கள். முதல் நாளே ஸ்டார் போச்சு, மூன்றாம் நாள் அட்டையே போச்சு. "8 முறைக்குள்" என்று தொடங்குங்கள். எண்ணிய ஐந்து நாளில் நான்கு நாள் அவன் ஏற்கெனவே அங்கேதான் இருந்தான். இரண்டு வாரம் நிலைத்தால் ஒன்றோ இரண்டோ குறையுங்கள்.

ஒரு நாளை 3 அல்லது 4 பகுதியாகப் பிரித்துக் குறியுங்கள். காலை கெட்டாலும் மதியம் மிஞ்சும். குறிக்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பரிசு அன்று மாலையே வேண்டும்: அப்பாவோடு 10 நிமிட விளையாட்டு, இரவுக் கதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. "மாதக் கடைசியில் சைக்கிள்" வேலைக்கு ஆகாது, காத்திருப்பதுதானே இவர்களுக்கு வராத காரியம். ஸ்டார் இல்லாத நாளில் "நாளைக்குப் பார்ப்போம்", அதோடு சரி. பரிசு சலித்துப்போகும், மாற்றிக்கொண்டே இருங்கள். அடிபட்டது மாதிரி கட்டாயம் சொல்ல வேண்டியவற்றைத் தனியாகப் பேசுங்கள். அட்டையில் ஏற்ற வேண்டாம்.

பேசிப் பேசியே வகுப்பை முடிப்பது

தலையாட்டிவிட்டுப் போன பெற்றோர் வீட்டில் பழையபடிதான் சொல்வார்கள்: "பையை வச்சிட்டு, கை கழுவிட்டு, டிரஸ் மாத்திட்டு வா." மூன்றில் ஒன்றுதான் பிள்ளையிடம் தங்கும். வகுப்பிலேயே ஒருவரைப் பிள்ளையாக நடிக்கவைத்துப் பழக்குங்கள். அருகில் போய், கண்மட்டத்துக்குக் குனிந்து, ஒரே ஒரு வேலை. மனதுக்குள் 5 வரை எண்ணவும். செய்யத் தொடங்கியதுமே, "சொன்னதும் பையை எடுத்துட்டியே!" வெறும் "குட் பாய்" போதாது, எதற்குப் பாராட்டு என்று தெரிய வேண்டும். "எடுத்து வைக்கிறியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதும் நியாயமான பதில்தான்.

அம்மாவை மட்டும் அழைப்பது

வீட்டில் வேறு யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவரையும் அழையுங்கள்.

முதலில் கூடும் என்று சொல்லாமல் விடுவது

கத்தலைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அது அடங்கும் முன் சில நாள் இன்னும் ஓங்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், உச்சத்தில் இருக்கும்போது பெற்றோர் இறங்கிப்போவார்கள். கூடுதலாகக் கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அடிப்பது, தெருவுக்கு ஓடுவது போன்றவற்றுக்கு இது பொருந்தாது; உடனே தடுக்க வேண்டும்.

பிள்ளை நிற்கும்போதே அதைப் பற்றிப் பேசுவது

வேண்டாம்.

மறக்கிற பெற்றோரை அலட்சியக்காரர் என்பது

ஏ.டி.எச்.டி. குடும்பத்தில் ஓடுவது. தேதியை மறக்கிற, படிவத்தைத் தொலைக்கிற அப்பாவுக்கும் அது இருக்கலாம். 12 பக்கக் கையேட்டைக் கொடுத்துவிட்டுப் படிக்கவில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை. வாரத்துக்கு ஒரே ஒரு வீட்டுவேலை, ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில். வகுப்புக்கு முந்தின நாள் ஒரு மெசேஜ், அன்று காலை இன்னொன்று.