1962ல சே லா ஏன் விழுந்துச்சு: மலைச் சண்டையில தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெலிங்டன், குன்னூர் பக்கம் தெருவுக்கு ஒரு எக்ஸ்-சர்வீஸ்மேன் இருப்பாங்க, அதனால 1962 இந்தியா-சீனா போர் பேச்சு இங்க அடிக்கடி வரும். வந்தா எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், கேன்வாஸ் ஷூ, பருத்தி யூனிஃபார்ம், பழைய 303 ரைஃபிள், அதான் தோத்தோம்னு. வடகிழக்கு எல்லையில ஓடற நாம்கா சூ ஆத்தங்கரையில நின்ன 7வது பிரிகேட்டுக்கு (சில பட்டாலியன் சேர்ந்த படை) அது முழு உண்மை. ஆனா அந்தப் பக்கத்தைக் காத்த 4வது டிவிஷன் (சில பிரிகேட் சேர்ந்த படை) கதையை அதோட முடிச்சிடாதீங்க, ஆர்மிக்குப் போகணும்னு இருக்கற பசங்க முக்கியமா. சே லா, அதாவது இப்போ அருணாச்சலப் பிரதேசத்துல இருக்கற மலைக்கணவாய், அங்க ஆளும் இருந்தாங்க, இடமும் நல்ல இடம், அப்படியும் போயிடுச்சு.

முதல் தவறு, பள்ளத்துல உக்காந்துக்கிட்டு மேட்டை எதிரிகிட்ட விடறது. நாம்கா சூவுக்கு வடக்கே தக்லா மலைமுகடு, அங்க சீனாக்காரங்க, கீழ ஆத்தோரமா நம்ம ஆளுங்க. மரக்கட்டைப் பாலங்களுக்குக் காவல் போட்டிருந்தாங்க, ஆனா அக்டோபர்ல தண்ணி குறைஞ்சிடும், பாலமே இல்லாம இறங்கிக் கடக்கலாம். 20ஆம் தேதி விடியறதுக்குள்ள அப்படித்தான் கடந்து பின்னாடி வந்துட்டாங்க. அன்னிக்கே அந்த பிரிகேட் உடைஞ்சிடுச்சு, பிரிகேடியர் தல்வியும் ரெண்டு நாள்ல பிடிபட்டார்.

உயரத்தையும் லேசா எடுத்துக்கக் கூடாது. நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர், சே லா 4,100க்கும் மேல. சமவெளியிலேர்ந்து நேரா ஏத்திவிட்டா சண்டைக்கு முன்னாடியே மூச்சு போயிடும். நாம்கா சூ படைக்காக சாங்தார்ங்கற இடத்துல விமானத்துலேர்ந்து போட்ட சப்ளையில நிறைய பள்ளத்தாக்குல விழுந்து யாருக்கும் கிடைக்கல.

எல்லாத்தையும் விடப் பெரிய தவறுன்னு நான் நினைக்கறது, ரோடு ஒண்ணுதான் வழின்னு நம்பறது. குன்னூர் மலைப்பாதையில இருக்கற பர்லியார்ல ரோடை அடைச்சிட்டா மலைக்கு யாரும் ஏற முடியாதுன்னு ஒருத்தர் சொன்னா நம்ம ஊர்ல யாராவது ஒத்துப்பாங்களா, குறும்பர்களும் இருளர்களும் காட்டுக்குள்ள எத்தனை தடம் வெச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியும். அங்கயும் அப்படி ஒரு தடம் இருந்துச்சு, பெய்லி தடம்னு பேரு, 1913ல பெய்லிங்கற பிரிட்டிஷ் ஆஃபீசர் நடந்து போன வழி. அதாவது அம்பது வருஷமா தெரிஞ்ச வழி! பெரிய படை அதுல வராதுன்னு நினைச்சாங்க. வந்துச்சு. நவம்பர் 17ல தெம்பாங் பக்கம் வெளிய வந்து, சே லாவுக்கும் அதுக்குப் பின்னாடி நம்ம படை இருந்த பொம்டிலாவுக்கும் நடுவுல ரோடை வெட்டிட்டாங்க.

அதே 17ஆம் தேதி சே லாவுக்கு முன்னாடி நூரனாங்ல 4வது கர்வால் ரைஃபிள்ஸ் மறுபடி மறுபடி வந்த தாக்குதலை அடிச்சுத் துரத்திக்கிட்டு இருந்தாங்க, அதை மறக்கவே கூடாது. அப்படிச் சண்டை போடற ஆளுங்க இருக்கும்போது பின்னாடி ரோடு போச்சுன்னு மேலதிகாரிகளுக்குப் பயம் வந்து, அன்னிக்கு ராத்திரியே சே லாவை விட்டு இறங்க ஆரம்பிச்சாங்க. ராத்திரி, மலை, எதிரி பக்கத்துல, இந்த மூணும் சேர்ந்தா பின்வாங்கறதுதான் ரொம்ப ஆபத்தான வேலை. ஒரு பட்டாலியன் நகர்றதைப் பார்த்தா அடுத்தவன் மனசும் நிக்காது. சே லாவுக்கும் பொம்டிலாவுக்கும் நடுவுல திராங்ல இருந்த டிவிஷன் ஹெட்குவார்ட்டர்ஸும் காலையில கிளம்பிடுச்சு, அப்புறம் யாரு யாருக்கு ஆர்டர் குடுக்கறது? சே லா பிரிகேட்டை நடத்தின பிரிகேடியர் ஹோஷியார் சிங் அந்தப் பின்வாங்கல்லதான் கொல்லப்பட்டார். சூழப்பட்டாலும் அதே இடத்துல நின்னு, ஆகாயத்துலேர்ந்து சப்ளை வாங்கி சண்டை போடலாம், ரெண்டாம் உலகப்போர்ல பர்மா பக்கம் நம்ம இந்தியப் படையே செஞ்சு காட்டின விஷயம் அது. அப்போ வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ்ல கமாண்டன்ட்டா இருந்த மானெக்ஷாவைத்தான் அந்த வருஷக் கடைசியில 4வது கோர்ங்கற (Corps, டிவிஷனுக்கும் மேல இருக்கற பெரிய படை) படையைத் தூக்கி நிறுத்த அனுப்பினாங்க.

கடைசியா, படையைத் துண்டு துண்டா அனுப்பறது. பொம்டிலாவுல 48வது பிரிகேட், அதுல நம்ம 1வது மெட்ராஸும் இருந்துச்சு. பெய்லி தடத்துக்கு முதல்ல ஒரு பிளாட்டூன், அப்புறம் ஒரு கம்பெனி, அப்புறம்தான் மீதின்னு போக, ஒவ்வொண்ணும் தனித்தனியா அடி வாங்கிச்சு. 18ஆம் தேதி இருந்த கொஞ்ச பேர்லயும் ஒரு பகுதியை டேங்கோட திராங் ரோடைத் திறக்க அனுப்பச் சொன்னாங்க, அவங்க பதுங்குகுழியை விட்டுக் கிளம்பின நேரம் பார்த்து சீனாக்காரங்க பொம்டிலா மேல விழுந்தாங்க.