காமன் கூத்துக்கு எட்டுத் தட ஒலியமைப்பு: முதற்படிகள்

தோட்டத்துக் காமன் பொட்டலில் மன்மதன், ரதி கதையை விடிய விடிய ஆடிப்பாடும் கூத்தைக் கைப்பேசியில் பதிந்தால், தப்பு என்ற பறையின் முழக்கத்தில் பாட்டின் சொற்கள் அமிழ்ந்துபோகும். சொல்லும் அடியும் தெளிவாக அடுத்த தலைமுறைக்குச் சேர வேண்டுமானால், ஒவ்வொன்றையும் தனித் தடத்தில் பதிவதே சரியான வழி.

முதலில் தடங்களைத் தாளில் எழுதுங்கள். தப்புக்கு நான்கு, பாடுபவர்களுக்கு இரண்டு, உடுக்குக்கு ஒன்று, கூட்டத்தின் ஒலிக்கு ஒன்று என எட்டு மைக்குகள் போதும். மைக்கின் மின்னலையை எண்களாக மாற்றும் எட்டு உள்ளீட்டுக் கருவியைப் பொட்டலின் ஓரத்திலும், கணினியைக் கோயில் அறையிலும் வையுங்கள். ஒலியலையை நொடிக்கு 48,000 முறை அளந்து (ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி), மாதிரிக்கு 24 பிட் என்று பதிந்தால், எட்டுத் தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 9.2 மெகாபிட்தான், ஒரே நெட்வொர்க் கேபிள் அதைச் சிரமமின்றிச் சுமக்கும்.

அடுத்து ஒலியளவு. தப்பைத் தீயில் வாட்டியதும் தோல் இறுகி, அடி கூர்மையாகி, ஓசை உயர்ந்துவிடும். ஆகவே வாட்டிய பிறகே, கலைஞரை முழு வேகத்தில் அடிக்கச் சொல்லி, உச்சம், கருவியின் மேல் எல்லையான 0-க்குக் கீழே, மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதவாறு அளவை நிறுத்துங்கள்.

நான் மிக முக்கியமாகக் கருதுவது, மாதிரி எடுக்கும் வேகத்தை ஒழுங்குசெய்யும், கருவிக்குள் இருக்கும் கடிகாரம். ஒலியை எண்களாக மாற்றும் கருவிகள் இரண்டு இருந்து, அவற்றின் கடிகாரங்கள் பத்து இலட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலும், நொடிக்கு ஏறக்குறைய ஒரு மாதிரி விலகி, பதிவில் 'டிக்' என்ற வெட்டொலி விழத் தொடங்கும். நெட்வொர்க் வழியே ஒலியை அனுப்பும் டான்டே, 2013இல் வெளிவந்த ஏஇஎஸ்67 போன்ற முறைகளில் ஒரு கருவி தலைமைக் கடிகாரமாக நிற்க, மற்றவை அதைப் பின்பற்றும். எது தலைமை என்பதை நீங்களே தீர்மானித்து, கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சின் மின்சேமிப்பு வசதியையும் அணைத்துவிடுங்கள், ஏனெனில் அது நேரச் செய்திகளைத் தாமதப்படுத்தக்கூடும். வைஃபையை இதற்கு நம்ப வேண்டாம்.

செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். பொட்டல் பள்ளத்திலும் கோயில் மேட்டிலும் இருந்து தூரம் கூடினால், உலோகமில்லாத ஃபைபர் கேபிளை இழுங்கள். இடி மின்னல் மிகுந்த நம் மலைகளில் அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதே பெரிய பாதுகாப்பு.

ஒலிச் செம்மையாக்கலைப் பதிவின் பிரதியில் மட்டும் செய்யுங்கள். குரல் தடங்களில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டினால் காற்றின் இரைச்சல் குறையும். தப்புத் தடங்களில் அதைச் செய்தால் அடியின் கனம் போய்விடும்.

கூத்து தொடங்குமுன் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டி, எட்டுத் தடங்களையும் திரையில் ஒப்பிடுங்கள். 3.4 மீட்டர் தள்ளியுள்ள மைக்கில் அது 10 மில்லிநொடி பிந்தி வருவது ஒலியின் இயல்பான வேகத்தால்தான், நெட்வொர்க்கின் குறையால் அன்று.