முழங்கால் குருத்தெலும்பை எம்.ஆர்.ஐ.யில் அளக்கும்போது நடக்கும் தவறுகள்

மன்னார்குடி, பாபநாசம் பக்கம் முழங்கால் வலி என்றாலே "ஜவ்வு தேஞ்சுபோச்சு" என்பார்கள். குழப்பம் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. எலும்பு முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பும் ஜவ்வு, இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை போல இருக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு. எக்ஸ்ரேயில் இரண்டுமே தெரியாது, எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான் தெரியும். மெனிஸ்கஸ் விலகினாலும் அந்த இடைவெளி குறையும். அதை வைத்துக் குருத்தெலும்பு தேய்ந்த கணக்கைச் சொல்வது முதல் தவறு.

சரி, எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டோம். அதில் வரும் எண்ணை அப்படியே நம்பலாமா? என் பெரியம்மாவுக்கு இரண்டு வருட இடைவெளியில் இரண்டு ஸ்கேன், இரண்டு ஊரில், இரண்டு மெஷினில். "0.3 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். அன்றோடு நடவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வழக்கமான ஸ்கேனில் படத்தின் ஒரு புள்ளியே ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். ஒரு புள்ளி வித்தியாசத்துக்காக ஒரு மனுஷி குறுவைப் பருவம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

வழக்கமான ஸ்கேன் கிழிசல், நீர்க்கோர்வை பார்க்க எடுப்பது. அதில் முழங்காலைத் துண்டு துண்டாக அரிந்த மாதிரி படமெடுப்பார்கள்; ஒவ்வொரு வெட்டும் 3, 4 மில்லிமீட்டர் தடிமன். குருத்தெலும்போ பல இடங்களில் 2, 3 மில்லிமீட்டர்தான். வாழைக்காயை நேராக அரிந்தால் தோல் மெல்லிசாகத் தெரியும், சாய்வாக அரிந்தால் அதே தோல் தடித்துத் தெரியும். வளைந்த குருத்தெலும்பிலும் இதேதான். அளப்பதற்கென்றே மெல்லிய வெட்டுகளில் முப்பரிமாணப் படம் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2004இல் தொடங்கி 4,796 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் (மூட்டுத் தேய்மானம்) இனிஷியேட்டிவ் ஆய்வில் 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள மெஷினில் 0.7 மில்லிமீட்டர் வெட்டுகளில் அப்படி எடுத்தார்கள்.

அப்புறம், ஸ்கேனுக்கு முன்னால் என்ன செய்தோம் என்பதும் கணக்கில் வரும். குருத்தெலும்பில் பெரும்பகுதி தண்ணீர், பாரம் ஏறினால் பிழிந்த மாதிரி சுருங்கும். முப்பது முறை குந்தி எழுந்தாலே முழங்கால் சில்லுக்குப் பின்னால் உள்ள குருத்தெலும்பு சில சதவீதம் குறைந்து, பழையபடி ஆக ஒரு மணி நேரத்துக்கு மேலும் எடுக்கலாம். பெரியம்மா இரண்டாவது ஸ்கேன் அன்று விடியற்காலையில் படித்துறையில் குந்தித் துணி துவைத்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே போய், இறங்கிய கையோடு மெஷினில் படுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரமாவது உட்காரவைத்திருக்க வேண்டும்.

அளப்பவர்களிடம் நடக்கும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். குருத்தெலும்பு முழுதும் தேய்ந்து எலும்பு வெறுமையாகிவிட்ட இடத்தைச் சுழியம் என்று சேர்க்காமல் விட்டால், மோசமான மூட்டின் சராசரித் தடிமன்கூட நன்றாக இருப்பதுபோலக் காட்டும்.

அடுத்த முறை போகும்போது ஃபிலிம் மட்டும் போதாது, பழைய ஸ்கேனின் சிடியையும் கொண்டு போங்கள். முடிந்தால் அதே மெஷினில், அதே முறையில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு படங்களையும் ஒரே ஆள், எது பழசு எது புதுசு என்று தெரியாமல் அளந்தால் இன்னும் நல்லது.