திண்மநிலை இலிதியம்-கந்தகப் பற்றரி: செய்தியை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் என் மாமா வீட்டுக் கூரைக்கு சோலார் போட்டுவிட்டார். பற்றரி மட்டும் வாங்கவில்லை. "மருமகன், கந்தகப் பற்றரி வருகுதாம், பத்து மடங்கு சக்தியாம். பொறுப்பமா?" என்று கேட்டார்.

அவரை மயக்கியது ஓர் எண். இலிதியமும் கந்தகமும் தாக்கமுறும்போது கொள்கையளவில் கிலோவுக்கு ஏறத்தாழ 2,600 வாட் மணித்தியாலம் கிடைக்கும். இன்றைய நல்ல இலிதியம் அயன் கலத்திலோ 250 முதல் 300 வரைதான். இவ்விரண்டையும் அருகருகே வைப்பதுதான் பெரிய தவறு. முதல் எண்ணில் மின்பகுபொருள் (இரு மின்வாய்களுக்கும் இடையே அயன்கள் கடந்து செல்லும் பொருள்) இல்லை, காபன் இல்லை, உறையும் இல்லை. எருமைத் தயிர் வாங்கினால் சட்டியையும் சேர்த்துத்தானே தூக்கி வருகிறோம்? கந்தகம் மின்னைக் கடத்தாது. அதனால் கதோட்டில், அதாவது கந்தகம் இருக்கும் நேர் மின்வாயில், காபனையும் திண்ம மின்பகுபொருளையும் நிறையவே கலக்க வேண்டும். "ஒரு கிராம் கந்தகத்துக்கு இவ்வளவு" என்று வாசித்தால், ஒரு சதுர சென்ரிமீற்றரில் எத்தனை மில்லிகிராம் கந்தகம், எந்த வெப்பநிலை, எவ்வளவு அழுத்தம் என்று தேடிப் பாருங்கள். 60 பாகை செல்சியசில், பல மெகாபாஸ்கால் அழுத்திப் பெற்ற பேறு முச்சக்கர வண்டிக்குள் அப்படியே வந்துவிடாது.

திண்மநிலைப் பற்றரி என்றால் திரவ மின்பகுபொருளுக்குப் பதில் திண்மம் வைத்தது. "திண்மமாக்கினால் எல்லாம் தீர்ந்தது" என்பதும் தவறு. ஒன்று உண்மையிலேயே தீர்கிறது: திரவத்தில் பல்சல்பைட்டு என்ற இலிதியம்-கந்தகச் சேர்வையாகக் கரைந்து, இலிதியம் இருக்கும் அனோட்டுக்கு ஓடி வீணாகும் கந்தகம், சல்பைட்டு (கந்தகச் சேர்வை) வகைத் திண்ம மின்பகுபொருளில் கரையாமல் நிற்கிறது. இது பெரிய முன்னேற்றம், எனக்கு இதில் நிறைய நம்பிக்கை உண்டு. 2011இல் ஜப்பான் ஆய்வாளர்கள் திரவத்துக்கு நிகராக அயன் கடத்தும் சல்பைட்டுத் திண்மம் ஒன்றைக் காட்டியதும் இந்தத் துறைக்குப் பெரிய ஊக்கமானது. ஆனால் மின்னிறக்கத்தில் கந்தகம் சுமார் 80 சதவீதம் பருக்கும், ஏற்றும்போது சுருங்கும். திரவம் என்றால் இடைவெளிக்குள் ஓடி நிரப்பும். திண்மத்திலோ வெடிப்பு விழும், தொடுகை அறுந்த கந்தகம் பயன்படாது. மேலே சொன்ன அழுத்தம் இதற்காகத்தான். இலிதியமும் மெல்லிய இழையாக வெடிப்புகளுக்குள் புகுந்து குறுஞ்சுற்றாக்கும்.

அப்புறம், "திரவம் இல்லை, ஆபத்தும் இல்லை" என்ற எண்ணம். இந்தச் சல்பைட்டு மின்பகுபொருள்களில் ஈரம் பட்டால் ஐதரசன் சல்பைட்டு வரும்; அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயு. ஆய்வுகூடத்திலேயே ஆகன் நிரப்பிய பெட்டிக்குள்தான் கையாள்கிறார்கள். நம் வாவிக்கரைக் காற்றில், அதுவும் மாரி காலத்தில், உயர்தர மாணவர்கள் யாரும் இதை முயன்று பார்க்கவே வேண்டாம்.

சரி, மாமாவுக்கு என்ன சொன்னேன்? கந்தகத்தின் பலம் நிறை குறைவு. அது பறக்கும் கருவிக்குப் பெரிது, சுவரோரம் அசையாமல் நிற்கும் பற்றரிக்கு அல்ல. வீட்டுக்கு வேண்டியது ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கத் தாங்கும் பற்றரி. அதற்கு இலிதியம் இரும்பு பொசுபேற்று இப்போதே கடையில் இருக்கிறது.